சிறுவர் புத்தகச் சேகரிப்பும் படக்கதை எழுதப் பழகுவதும்: சில சந்தேகங்கள்

தாழ்வாரம் கேட்டது:

வணக்கம். வீட்டில் சுமார் 200 சிறுவர் புத்தகங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் துலிகா, தாரா, பிரதம், நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம் வெளியிட்டவை. கொஞ்சம் பழைய அம்புலிமாமா, நாலைந்து மாஸ்கோ வெளியீடுகள். படிப்பவர்களுக்கு வயது 4, 7.

படப் புத்தகங்கள் மெல்லிசு என்பதால் அலமாரியில் நிறுத்தினால் எது எதென்று தெரிவதில்லை. கடலோர ஊர் வேறு. பின் அடித்த புத்தகங்களில் பின் துருப்பிடித்துத் தாள் பழுப்பேறுகிறது, ராமபாணப் பூச்சியும் இருக்கிறது. இவற்றுக்கு என்ன செய்யலாம்?

இன்னொன்று. 5 முதல் 7 வயதுக்கான படக்கதை எழுதப் பழக ஆசை. 900 சொல்லில் ஒரு கதை கையில் இருக்கிறது. படித்தவர்கள் எல்லாரும் "நீளம்" என்கிறார்கள். எங்கே வெட்டுவது என்று யாரும் சொல்வதில்லை.

---

நூல்கட்டி பதில்:

முதலில் பின். துருவை அப்படியே விட்டால் அந்த இடத்தில் தாள் பொடிந்து நடுப்பக்கம் தனியே கழன்றுவிடும். நடுப்பக்கத்தை விரித்தால் பின்னின் இரண்டு கால்களும் மடங்கியிருப்பது தெரியும். மழுங்கிய சின்னக் கத்தியால் கால்களை நிமிர்த்தி, அட்டைப் பக்கமிருந்து பின்னை நேராக இழுங்கள். பின் பிடுங்கும் கருவியைப் பயன்படுத்தினால் அட்டை கிழியும். துருப்பொடியைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், ஈரத்துணி வேண்டாம்.

பிறகு நூலால் தைக்கலாம். பழைய ஓட்டைகள் நைந்திருக்கும், அவற்றிலிருந்து 1 செ.மீ. தள்ளிப் புது ஓட்டை போடுங்கள். மேல், நடு, கீழ் என மூன்று போதும். நூல் புத்தக உயரத்தைப்போல் மூன்று மடங்கு இருக்கட்டும். பருத்தி நூலில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். நைலான் நூல் தாளை அறுத்துவிடும். உள்பக்கமிருந்து நடு ஓட்டை வழியாக வெளியே, மேல் ஓட்டை வழியாக உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டை வழியாக வெளியே, மறுபடி நடு ஓட்டை வழியாக உள்ளே. இப்போது நூலின் இரு முனைகளும் உள்ளே ஓடும் நீள இழைக்கு இரு பக்கமும் இருக்க வேண்டும். அந்த இழையின் மேல் முடிச்சு. இறுக்கும்போது நூலை மடிப்பின் போக்கிலேயே இழுங்கள். உங்களை நோக்கி இழுத்தால் ஓட்டை கிழிந்துவிடும்.

ராமபாணத்துக்கு ஈரமும் மாவுப்பசையும்தான் சாப்பாடு. அலமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி வையுங்கள், புத்தகங்களை நெருக்கித் திணிக்காதீர்கள். பூச்சி ஏறிய புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள். வியர்ப்பது பையின் வெளிப்பக்கத்தோடு நிற்கட்டும். நாலு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் நாப்தலின் உருண்டை கூடவே கூடாது. வசம்பு, வேப்பிலை வைப்பதில் தப்பில்லை, ஆனால் முட்டை அதற்கெல்லாம் சாகாது.

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, சிறு தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டி வடிகட்டினால் பசை தயார். மெல்லிய டிஷ்யூத் தாளைக் கையால் கிழித்து (கத்தரித்தால் ஓரம் தெரியும்) அதை வைத்து ஒட்டுங்கள். பைண்டிங் கடைக்காரர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம், அது விஷம். குழந்தை கைவைக்கும் புத்தகத்துக்கு வேண்டாம், பசையை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

---

அடுக்குமாடம் பதில்:

அலமாரிக்கு: எல்லாவற்றையும் வெளியே வைக்காதீர்கள். மூன்று அங்குல ஆழத்தில் சட்டம் அடித்து, முன்னால் ஒன்றரை அங்குலத் தடுப்பு வைத்து, 10–12 புத்தகங்களை மட்டும் அட்டை தெரிய நிறுத்துங்கள். தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்துக்குள் இருந்தால்தான் நாலு வயதுக்கு எட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மற்றவை பெட்டியில், இசைத்தட்டுக் கடையில் புரட்டுவதுபோல் முகப்பு முன்னால் பார்த்து நிற்கட்டும். அம்புலிமாமாவின் தாள் மட்டமான தாள், வெயில் பட்டால் மொறுமொறுப்பாகிவிடும். அதைப் படுக்கவைத்து, ஒரு சாண் உயரத்துக்கு மேல் அடுக்காமல், மூடிய பெட்டியில் வையுங்கள்.

ஆசிரியர் பெயர் வரிசை வீட்டுக்கு உதவாது. பெரியவர் வாசித்துக் காட்டுவது, துணையோடு படிப்பது, தானே படிப்பது என்று மூன்று நிறத்தில் பொட்டு ஒட்டினால் போதும். பிரதம் புக்ஸின் இலவசக் கதைத் தளமான ஸ்டோரிவீவரில் நான்கு நிலை உண்டு: முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கும் மேல். தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று பிரித்திருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் குழந்தைகளுக்கும் சட்டென்று பிடிபடுகின்றன. ஒரு எச்சரிக்கை. மொழிபெயர்ப்புப் புத்தகத்தின் அட்டையில் போட்டிருக்கும் நிலை பெரும்பாலும் மூல மொழியை வைத்துப் போட்டது. முதல் நிலை என்று எடுத்தால் உள்ளே "பறந்துகொண்டிருந்தது" நிற்கும். நீங்களே ஒருமுறை படித்துவிட்டுப் பொட்டு ஒட்டுங்கள்.

பட்டியல் நோட்டில் தலைப்பு, எழுதியவர், படம் வரைந்தவர், மொழிபெயர்த்தவர், மூல மொழி, பதிப்பாண்டு, பக்கம். கூடவே சொல் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் போடுங்கள். எழுதப் போகிறவருக்கு அதுதான் முக்கியம்.

---

தாழ்வாரம்:

மிக்க நன்றி. பிளாஸ்டிக் உறை போடலாமா? லேமினேட் செய்யச் சொல்கிறார்கள்.

---

நூல்கட்டி:

ஒட்டுகிற உறை வேண்டாம், கழற்றக்கூடிய உறை சரி. லேமினேஷனைத் திரும்ப எடுக்க முடியாது. மடிப்பில் விறைத்து அட்டையே பிளக்கும். பளபளப்புத் தாள் புத்தகம் தண்ணீரில் நனைந்தால் அதற்கென்று ஒரு அவசரம் உண்டு. அந்தத் தாளின் மேல்பூச்சு நனைந்து காயும்போது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிடும். சில மணி நேரத்துக்குள் பக்கத்துக்குப் பக்கம் பிரித்து மெழுகுத்தாள் செருகுங்கள். முடியாதென்றால் பையில் போட்டு ஃப்ரீசரில் தள்ளிவிட்டு, நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள்.

---

பக்கம்புரட்டி பதில்:

900 சொல் நீளமா என்பதற்கு விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. 5–7 வயதுக்கான புத்தகம் பத்தை எடுங்கள். ஒவ்வொன்றின் வாசகத்தையும், பக்கம் எங்கே திரும்புகிறது என்று கோடு போட்டு, முழுக்கத் தட்டச்சு செய்யுங்கள். படம் இல்லாமல் வெறும் எழுத்தாகப் பார்க்கும்போதுதான் எவ்வளவு கொஞ்சமாக எழுதியிருக்கிறார்கள் என்று உறைக்கும். பெரும்பாலானவை 500-ஐத் தாண்டாது. ஆங்கில வழிகாட்டிகள் "500 சொல்" என்றால் அதை அப்படியே எடுக்காதீர்கள். வேற்றுமை உருபும் துணைவினையும் நம்மிடம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அதே அளவு விஷயம் தமிழில் சுமார் 350 சொல்லில் வந்துவிடும். உங்கள் 900 சொல்லைச் சத்தமாக வாசிக்க எட்டொன்பது நிமிடம் ஆகும்.

எங்கே வெட்டுவது? படம் சொல்லப்போவதை வெட்டுங்கள். ஒரு வரி போட்டுப் பார்ப்போம்:

"கறுப்பு நிறப் பூனை ஒன்று பச்சை ஜன்னலின் திண்டில் ஏறி அமர்ந்துகொண்டு, வெளியே பெய்யும் மழையைச் சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது."

கறுப்பு, பச்சை, ஜன்னல், திண்டு, மழை, சோகம் அத்தனையும் ஓவியருடையது. உங்களுக்கு மிஞ்சுவது "இன்றைக்கும் மழை." இந்த "இன்றைக்கும்"-இல் உள்ள "உம்" என்பதை வரைய முடியாது, அதனால் அது நிற்கட்டும். சத்தம், வாசனை, நாள் கணக்கு, பெயர், மனசுக்குள் நினைப்பது எல்லாம் எழுத்தின் பங்கு.

அடுத்து மாதிரிப் புத்தகம். ஏ4 தாள் ஆறை ஒன்றாக மடித்தால் 24 பக்கம். 1 தலைப்பு. பதிப்பு விவரத்தைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினால் 2–3 முதல் 22–23 வரை 11 விரிப்பு (எதிரெதிர் இரண்டு பக்கம் சேர்ந்தது ஒரு விரிப்பு) கிடைக்கும். கதையைப் பென்சிலால் அதில் பிரித்து எழுதுங்கள். தடுமாற்றம் எல்லாம் இங்கேதான் வெளிவரும். ஐந்தாம் விரிப்பு வரை சம்பவமே இருக்காது, கடைசி இரண்டில் எல்லாம் குவிந்திருக்கும். மூன்று விரிப்பு தொடர்ந்து பாட்டியும் பேத்தியும் திண்ணையில் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஓவியர் எதை வரைவார்? இடம், செயல், தூரம் இவற்றில் ஒன்றாவது விரிப்புக்கு விரிப்பு மாற வேண்டும். கேள்வியும் ஆபத்தும் வலப்பக்கத்தின் அடியில் இருக்கட்டும், விடை பக்கம் திருப்பினால் வரட்டும். ஒரே விரிப்பில் இரண்டும் இருந்தால் குழந்தையின் கண் விடைக்குத்தான் முதலில் போகும்.

ஓவியருக்குக் குறிப்பு எழுதுவதானால் வாசகத்தில் இல்லாத, ஆனால் கதைக்குத் தேவையான விஷயத்துக்கு மட்டும் ஒரு வரி. சட்டை நிறமெல்லாம் எழுதினால் அவருக்கு எரிச்சல்தான் வரும். கடைசியாக, கதையை முன்பே பார்க்காத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் கோடு போடுங்கள்.

---

மெய்யெழுத்து பதில்:

பக்கம்புரட்டி சொன்னது வாசித்துக் காட்டும் புத்தகத்துக்குச் சரி. குழந்தை தானே படிப்பதற்கு எழுதினால் சொல் எண்ணிக்கையைவிட எழுத்து எண்ணிக்கை முக்கியம். "ஓடிக்கொண்டிருந்தது" 10 எழுத்து, "ஓடியது" 4. எழுத்துக்கூட்டும் குழந்தை பத்தாவது எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்திருக்கும். ஆறு எழுத்துக்கு மேற்பட்ட சொல் வாக்கியத்துக்கு ஒன்று போதும். "மரத்திலிருந்தொரு" என்று சேர்க்காமல் "மரத்தில் இருந்து ஒரு" என்று பிரியுங்கள். அதற்காக ஒற்றெழுத்தை விட்டுவிடக் கூடாது. "கிளியைப் பார்த்தான்" என்பதில் "ப்" இருந்தே ஆக வேண்டும்.

உரையாடலில் பேச்சுவழக்கு போடலாமா என்று அடுத்து வருவீர்கள். வாசித்துக் காட்டுவதற்குத் தாராளமாகப் போடலாம். தானே படிப்பவருக்கு "வர்றேன்", "உக்காந்துக்கிட்டு" எல்லாம் பாடப்புத்தகத்தில் பார்க்காத எழுத்துக்கூட்டு, திணறுவார்கள். இரண்டு வழக்கிலும் ஒன்றாக இருக்கிற வடிவங்களைத் தேடுங்கள்: "வா, போகலாம்." "எனக்கு வேண்டாம்." "அது என்ன?" ஏவலும் கேள்வியும் சின்னச் சின்ன வாக்கியமும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அம்மா "வந்தாள்" என்பதா "வந்தார்" என்பதா என்பதை முதல் பக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். பாதியில் மாறுகிற கையெழுத்துப் பிரதிகள் ஏராளம்.

பாட்டாக எழுதுவதானால் வரிக்கடைசி ஒலி ஒன்றாக இருந்தால் மட்டும் தமிழ்க்காதுக்குப் போதாது. அழ. வள்ளியப்பா பாடல்களைக் கைதட்டிச் சொல்லிப் பாருங்கள், எதுகை எங்கே விழுகிறது என்று பிடிபடும். "பந்து ஒன்று ஓடுது / சந்து பொந்து தேடுது" என்பதில் வேலை செய்வது முன்னால் இருக்கும் "ந்து"-தான்.

---

தாழ்வாரம்:

பெரிய உதவி, நன்றி. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் மாதிரிப் பக்கம் செய்து பார்த்தால் "கொ" உடைந்து கொம்பு தனியாகப் போகிறது. எழுத்துரு கோளாறா?

---

அச்சுமை பதில்:

எழுத்துருவில் பிழை இருக்காது. பத்தி அமைப்பில் "வேர்ல்ட் ரெடி கம்போசர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள், கொம்பு இடத்துக்கு வந்துவிடும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்; மாற்றியபின் "ஸ்ரீ", "க்ஷ", மேற்கோள் குறி மூன்றையும் கண்ணால் சரிபாருங்கள்.

எழுத்தின் அளவு 20 முதல் 24 புள்ளி (பாயின்ட்). வரி இடைவெளி எழுத்தின் அளவில் ஒன்றரை மடங்கு, இல்லையென்றால் "கூ"வின் வாலும் கீழ்வரி "கீ"யின் சுழியும் முட்டும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். இருபுறமும் இழுத்தால் நம் நீளச் சொற்களுக்கு நடுவில் ஓட்டை விழும். சொல்லை வரிமுனையில் உடைக்காதீர்கள். எழுத்து 100 சதவீதக் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு நிறமும் கலந்த கறுப்பாக இருந்தால், அச்சில் ஒரு நூல் விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிறம் தெரியும். படம் ஓரம்வரை வருவதானால் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். நடுமடிப்பிலிருந்து 10 மி.மீ.க்குள் எழுத்தோ முகமோ வேண்டாம். பின் அடிக்கப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். உள்தாள் 130 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு), பளபளப்பில்லாத மேட் தாள்; அட்டை 300 ஜிஎஸ்எம். நூறு இருநூறு பிரதிக்கு டிஜிட்டல், ஆயிரம் என்றால் ஆஃப்செட்.

புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் இலவசமாகப் பெறலாம், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். நாட்டுப்புறக் கதையைத் திருப்பிச் சொல்லலாம். ஆனால் இன்னொருவர் அச்சிட்ட வடிவத்தின் வாக்கியமும் திருப்பங்களும் அவருடையவை. இந்தியாவில் எழுதியவர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை உண்டு. ஸ்டோரிவீவரில் ஏற்றுவதானால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் படித்துவிட்டு ஏற்றுங்கள். யார் வேண்டுமானாலும், விற்பனைக்கும்கூட, உங்கள் பெயரைப் போட்டுப் பயன்படுத்தலாம், பின்னால் திரும்பப் பெற முடியாது. பதிப்பகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் அங்கே அனுப்புங்கள். ஓவியரை நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை, வாசகத்தை மட்டும் விரிப்பு எண் போட்டு அனுப்பினால் போதும்.