பவளம் நலிந்த கதைகள்: உங்கள் டேங்கில் என்ன நடந்தது?

ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் பவளம் வளர்க்கும் மூன்றடி கடல்நீர் டேங்க். கீழே உள்ள சம்ப்போடு (வடிகட்டும் தொட்டி) சேர்த்தால் சுமார் 200 லிட்டர். நாலு வருடமாக ஓடுகிறது. போன தீபாவளி முடிந்த வாரம் முதலில் டார்ச் என்ற பவளம்தான் மாறியது. விளக்கு எரிந்ததும் விரல் நீளத்துக்கு விரிந்து ஆடுகிறது, பாதி விரிந்து மத்தியானத்துக்குள் சுருங்கிக்கொண்டது. பிறகு தட்டுத் தட்டாக வளரும் ஆரஞ்சு மோன்டிப் பவளம் வெளிறியது. அப்புறம் கிளைவிட்டு வளரும் பச்சை அக்ரோ பவளத்தின் அடித்தண்டில் தோல் உரிந்து வெள்ளை எலும்பு தெரிய ஆரம்பித்தது.

பதற்றத்தில் நான் செய்த காரியங்களை மறைக்காமல் சொல்கிறேன். இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி உண்டு, அதுதான் கசிகிறது என்று ஆர்ஓ வடிகட்டியின் கார்பனை மாற்றினேன். விளக்கைக் குறைத்தேன். பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகளைப் பை நிறையப் போட்டேன். எல்லாம் ஒரே வாரத்தில். அதற்குமேல் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பாஸ்பேட் மட்டும் சுத்தமாகப் பூஜ்யத்துக்குப் போய்விட்டது. அதுவும் பவளத்துக்குப் பட்டினிதான் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆல்க் (தண்ணீரின் காரத்தன்மை) 7.5, கால்சியம் 380, மெக்னீசியம் 1150. மூன்றும் கொஞ்சம் குறைவு. இவற்றுக்காக ஊற்றும் கரைசலின் டோஸை ஏற்றினால் ஏறும். தண்ணீர் மாற்றினால் மறுபடி இறங்கும். உப்பளவு என்னவோ ஆயிரத்துக்கு 35 என்றே காட்டியது. அதனால் அந்தப் பக்கம் சந்தேகமே வரவில்லை.

விடை வாளியில் கிடந்தது. டேங்கில் ஊற்றுவதற்கு முன் புதிதாகக் கலக்கிய உப்புத் தண்ணீரை ஒருநாள் சோதித்தேன். அதிலும் மெக்னீசியம் 1150. உப்பு டப்பாவில் போட்டிருப்பது 1300. சரி, உப்புதான் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பும்போது கால்சியத்தையும் ஆல்க்கையும் பார்த்தேன். டப்பாவில் 430, 8.5; வாளியில் 380, 7.5. மூன்றுமே பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே குறைகின்றன. உப்பில் கலவை சரியில்லை என்றால் ஒன்று குறையும், இன்னொன்று கூடும். மூன்றும் கைகோத்துக் குறைந்தால் தண்ணீரில் உப்பே போதவில்லை என்று அர்த்தம்.

உப்பளவு பார்க்கும் பழைய ரிஃப்ராக்டோமீட்டர் உடைந்து செப்டம்பரில் புதிது வாங்கியிருந்தேன். ஆர்ஓ தண்ணீரை வைத்துப் பூஜ்யத்தைச் சரிபார்ப்பதோடு விட்டுவிட்டேன். இப்போது 35 என்று அளந்து விற்கிற திரவத்தை வாங்கி, கண்ணாடிமேல் ஒரு சொட்டு விட்டு, மூடியை மூடி, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். நீலக்கோடு 39இல் நின்றது. பூஜ்யத்தில் ஒழுங்காக நிற்கிற கருவி, நமக்கு வேண்டிய இடத்தில் நாலு தள்ளி நிற்கிறது. நான் 35 என்று நம்பிய தண்ணீர் உண்மையில் 31. ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நானே அதை நீர்க்க வைத்திருக்கிறேன்.

ஒரே நாளில் ஏற்றக் கூடாது. எனக்குத் தினமும் 2 லிட்டர் ஆவியாகும். அதை ஈடுகட்ட நல்ல தண்ணீருக்குப் பதில் சரியான 35 உப்புத் தண்ணீரை ஊற்றினேன். 2 லிட்டரில் 70 கிராம் உப்பு. 200 லிட்டருக்கு அது நாளைக்கு 0.35 ஏற்றம். பன்னிரண்டு நாளில் 35 தொட்டது. துகள் பையை எடுத்தேன், டோஸைப் பழைய அளவுக்கு இறக்கினேன், வேறு எதையும் தொடவில்லை. எட்டாம் நாள் டார்ச் முழுதாக விரிந்தது. அக்ரோவைக் காப்பாற்ற முடியவில்லை. உரிந்த கோட்டுக்கு மேலே நல்ல நுனியாகப் பார்த்து இரண்டு துண்டு வெட்டிக் கல்லில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

(செத்த அடித்தண்டைப் பார்த்துவிட்டு அம்மா, “இதை மோதிரத்தில் வைத்தால் செவ்வாய் தோஷத்துக்கு ஆகுமா?” என்று கேட்டார். அது வேறு பவளம் என்று விளக்கியும் முகம் தெளியவில்லை.)

மோன்டி மட்டும் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. எடுத்துப் போட்டுவிடலாமா?

பெசன்ட் நகர், சென்னை

எடுக்காதீங்க அண்ணே. நான் மீன் மட்டும்தான் வளர்க்கிறேன். இங்கே பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்தால் வம்பு. ஆனால் 2016இல் ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது தண்ணீருக்குள் போய்ப் பார்த்திருக்கிறேன். வெளுத்தது வேறு, செத்தது வேறு. வெளுத்ததில் உள்ளே குடியிருந்த பாசிதான் போயிருக்கும். தோல் கண்ணாடி மாதிரி எலும்பின்மேல் அப்படியே இருக்கும். பக்கவாட்டில் டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். வழவழப்பாக மின்னி, குட்டிக் குட்டி வாய்கள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. சொரசொரவென்று மேலே பச்சைப் பாசி படர்ந்துவிட்டால் அந்த இடம் முடிந்தது.

ஸ்கார்பரோ, டொராண்டோ

எனக்கு வந்தது நேர்மாறான கதை. எண்கள் எல்லாம் சரி, கருவியும் சரி, அக்ரோ மட்டும் மாதக்கணக்கில் மங்கிக்கொண்டே போனது. உப்பை மாற்றி, விளக்கை மாற்றி, காசைக் கொட்டினேன். கடைசியில் பைப்பெட்டால் தண்டின்மேல் பலமாகத் தண்ணீரைப் பீய்ச்சினேன். சருகு மாதிரி ஒன்று கழன்று சுருண்டு மிதந்தது. தட்டைப்புழு! பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும், வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. தண்டை வடிவாகப் பார்த்தால் வட்ட வட்டமாகக் கடித்த தழும்பு இருக்கும்.

மருந்துத் தண்ணீரில் முக்கினால் புழு விழும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது. முட்டை அடியில் எலும்பு தெரிகிற இடத்தில் பழுப்புப் பொட்டாக இருக்கும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை வீதம் ஆறு வாரம் முக்கினேன். இரண்டாம் வாரம் புழுவே விழவில்லை, நிறுத்தலாம் என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் ஏழு விழுந்தன. அண்ணா, அந்த இரண்டு துண்டையும் ஒருக்கால் பீய்ச்சிப் பாருங்கோ.

ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்

இரண்டு துண்டையும் பீய்ச்சிப் பார்த்தேன், தூசிதான் வந்தது. அடுத்த வாரமும் பார்க்கிறேன். மோன்டியில் டார்ச் லைட் அடித்தால் மின்னுகிறது தம்பி. நடுவில் ஐம்பது காசு அகலத்துக்குப் பாசி பிடித்துவிட்டது. ஓரத்தைச் சுற்றி லேசான ஆரஞ்சுக் கோடு ஒன்று தெரிகிற மாதிரி இருக்கிறது. மனைவி தெரியவில்லை என்கிறார். ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்துப் போடுகிறேன்.