டி2 செல்லில் நன்றாக ஒட்டும் பெப்டைடு, வைரஸ் தொற்றிய செல்லில் ஏன் தெரிவதில்லை?

எபிடோப்தேடி:
9 அமினோ அமிலம் கொண்ட வைரஸ் பெப்டைடு ஒன்று. எச்.எல்.ஏ-ஏ2 மூலக்கூறில் (சுருக்கமாக ஏ2; செல்லின் மேற்பரப்பில் பெப்டைடை டி செல்லுக்குக் காட்டும் வகுப்பு 1 மூலக்கூறு) ஒட்டும் என்கிறது கணினிக் கணிப்பு: இரண்டாம் இடத்தில் லியூசின், ஒன்பதாம் இடத்தில் வேலின். டி2 என்ற ஆய்வகச் செல்லோடு இரவு முழுக்க வைத்து, ஏ2-வைப் பிடிக்கும் பிபி7.2 ஆன்டிபாடியால் அளந்தால் ஒளிர்வு இரண்டரை மடங்காகிறது. இதைக் கொண்டு வளர்த்த சிடி8 டி செல்கள் (தொற்றிய செல்லைக் கொல்லும் நோயெதிர்ப்புச் செல்கள்), 10 மைக்ரோமோலார் பெப்டைடு ஏற்றிய செல்களைக் கொல்கின்றன. அதே வைரஸ் தொற்றிய ஏ2 செல்களை மட்டும் சீண்டுவதே இல்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

வெட்டுமுனை:
டி2 செல்லில் டாப் கடத்தி கிடையாது. அதனால்தான் அதன் மேற்பரப்பில் ஏ2 குறைவு, வெளியிலிருந்து கொடுத்த பெப்டைடு வந்து அமர்ந்ததும் ஏறுகிறது. அதாவது நீங்கள் சோதித்தது கடைசிப் படியை மட்டும். தொற்றிய செல்லில் அதற்கு முன் புரோட்டியசோம் புரதத்தை வெட்ட வேண்டும், டாப் அந்தத் துண்டை எண்டோபிளாஸ்மிக் வலைக்குள் கடத்த வேண்டும், நீளமாக இருந்தால் ஈராப்1 நொதி அதன் தொடக்கமான என் முனையைச் செதுக்க வேண்டும், பிறகு டப்பாசின் என்ற துணைப் புரதத்தின் உதவியோடு ஏ2-வின் பள்ளத்தில் அமர வேண்டும்.

பெரும்பாலும் இடறுவது பெப்டைடின் கடைசியான சி முனையில். என் முனையில் இரண்டு மூன்று அமினோ அமிலம் கூடுதலாக இருந்தால் ஈராப்1 பார்த்துக்கொள்ளும். சி முனை அநேகமாக புரோட்டியசோம் வெட்டியபடியேதான் நிற்கும். உங்கள் வேலினுக்குப் பின்னால் வெட்டு விழவில்லை என்றாலோ, பெப்டைடின் நடுவே விழுந்தாலோ கதை முடிந்தது.

தொற்றில்லாத ஏ2 செல்லில் மூன்று பிளாஸ்மிட் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டி.என்.ஏ வளையம்) போட்டுப் பாருங்கள்: முழுப் புரதம், மெத்தியோனினோடு அந்த 9 மட்டும், டாப் இல்லாமலே வலைக்குள் கொண்டுபோகும் சிக்னல் வரிசையோடு அந்த 9. மூன்றாவது மட்டும் வேலை செய்தால் பெப்டைடு டாப் வழியாகப் போகவில்லை. பின்னிரண்டும் வேலை செய்து முழுப் புரதம் செய்யாவிட்டால், வெட்டில்தான் கோளாறு. அப்போது இன்டர்ஃபெரான் காமாவில் 48 மணி நேரம் வைத்து மறுபடி பாருங்கள். அதில் உருவாகும் இம்யூனோபுரோட்டியசோம் வெட்டும் இடங்கள் வேறு. ஆனால் அது சில எபிடோப்புகளை (டி செல் அடையாளம் காணும் துண்டுகளை) அழிக்கவும் செய்யும், மெலன்-ஏ புரதத்தின் 26–35 துண்டு அப்படிப்பட்டது.

பிகோமோல்:
பிளாஸ்மிட் கட்டும் முன் ஒரு நாள் வேலை இருக்கிறது. 10 மைக்ரோமோலார் என்பது வெள்ளம். அந்த அளவில் மந்தமான டி செல்கூட விழித்துக்கொள்ளும். தொற்றிய செல்லில் ஒரு எபிடோப் சில பத்து முதல் சில நூறு பிரதிகள் இருந்தாலே பெரிது. 10 மைக்ரோமோலாரிலிருந்து 1 பிகோமோலார் வரை பத்து பத்து மடங்காக நீர்த்து, பாதி பதில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 1 நானோமோலார் அருகிலோ அதற்குக் கீழோ விழுந்தால் டி செல்லைக் குறை சொல்ல வேண்டாம். 100 நானோமோலாருக்கு மேலே விழுந்தால் வளர்க்கும் போதே தவறு நடந்திருக்கிறது; அதிகப் பெப்டைடில் வளர்த்தால் மந்தமானவையும் சேர்ந்து பெருகும். 1–10 நானோமோலாரில் புதிதாகத் தூண்டி வளர்த்துப் பாருங்கள்.

தூய்மையையும் பாருங்கள். 70 சதவீதத் தூய்மையில் வாங்கினால், கலந்திருக்கும் வேறொரு துண்டுக்கே டி செல் பழகியிருக்கலாம். 95 சதவீதத்துக்கு மேல், வேறொரு தொகுப்பில் செய்ததை வைத்து மறுபடி சோதியுங்கள். வரிசையில் சிஸ்டீன் இருந்தால் ஆக்ஸிஜனேற்றத்தில் இரண்டிரண்டாக இணைந்துவிடும், ஒவ்வொரு முறையும் முடிவு மாறும்.

டி2 அளவீட்டில் இன்னொன்று: ஒட்டும் அளவைவிட எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதுதான் முக்கியம். சீரம் இல்லாத ஊடகத்தில், ஏ2-வின் துணைப் புரதமான பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மில்லிக்கு 3 மைக்ரோகிராம் சேர்த்து ஏற்றுங்கள். பிறகு கழுவி, புது ஏ2 மேற்பரப்புக்கு வராமல் தடுக்கும் பிரெஃபெல்டின் ஏ போட்டு 0, 2, 4, 6 மணியில் அளவிடுங்கள். இரண்டு மணியில் பாதிக்குக் கீழே போனால் அந்தப் பெப்டைடு மேல் நம்பிக்கை வைக்காதீர்கள்.

மறைவிடம்:
எந்த வைரஸ் என்று யாருமே கேட்கவில்லையே?

எபிடோப்தேடி:
எச்.எஸ்.வி-1 (ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ்). ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்), தொற்றி 12 மணி நேரம்.

மறைவிடம்:
அப்படியானால் முதல் சந்தேகம் ஐ.சி.பி47 மேல். வைரஸ் நுழைந்தவுடன் தயாராகும் புரதங்களில் ஒன்று. டாப்பின் சைட்டோசால் பக்கத்தில், பெப்டைடு வந்து அமரும் இடத்தையே அடைத்துக்கொள்கிறது. 12 மணி நேரத்தில் புதுப் பெப்டைடு உள்ளே போவது அரிது. எலியின் டாப்பை அது சரியாகப் பிடிப்பதில்லை, ஆகவே எலிச் செல்லில் வந்த முடிவை மனிதச் செல்லுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாளைக்கே செய்யக்கூடியது: தொற்றிய செல்லின் மேலேயே பெப்டைடை ஊற்றிப் பாருங்கள். கொன்றால் டி செல்லும் நலம், மேற்பரப்பு ஏ2-வும் மிச்சமிருக்கிறது. உள்ளிருந்து வரும் பெப்டைடுதான் இல்லை. கூடவே பிபி7.2 அளவையும் பாருங்கள், ஆனால் வைரஸ் புரதச் சாயம் ஏறிய செல்களை மட்டும் பிரித்து. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால், தொற்றாத செல்கள் குறைவை மறைத்துவிடும்.

அடுத்து ஐ.சி.பி47 நீக்கிய வைரஸ். அதில் கொலை நடந்தால், வெட்டுமுனை சொன்ன வெட்டுப் பிரச்சினை இல்லை என்றாகிவிடும், பிளாஸ்மிட் வேலையும் மிச்சம். நீக்கிய வைரஸ் கையில் இல்லையென்றால் பெப்டைடு வரும் அந்த வைரஸ் புரதத்தை வேக்சினியா வைரஸில் வைத்துக் கொடுங்கள். அது டாப்பை அடைப்பதில்லை.

எபிடோப்தேடி:
அப்படியென்றால் தொற்று வந்தவர்களிடம் சிடி8 பதில் எப்படி உருவாகிறது?

மறைவிடம்:
டி செல்லைத் தூண்டும் டென்ட்ரிடிக் செல் தொற்றாமலே, இறந்த செல்லை விழுங்கி அந்தப் புரதத்தைத் தன் வகுப்பு 1 மூலக்கூறில் காட்டுகிறது. அதன் டாப்பில் ஐ.சி.பி47 இல்லை. டி செல் அங்கே உருவாகிவிடும், தொற்றிய செல்லை அடையாளம் காண்பதில்தான் திணறும். இன்டர்ஃபெரான் காமா முன்கூட்டியே இருந்தால் டாப்பும் வகுப்பு 1-உம் கூடி, அடைப்பை ஓரளவு ஈடுகட்டும். உங்கள் ஃபைப்ரோபிளாஸ்ட்டையும் தொற்றுக்கு முன் 48 மணி நேரம் அதில் வைத்து ஒரு தட்டு தனியாக ஓட்டுங்கள்.