கர்ப்பப்பைக்குள் இருந்த பாலிப்பை எடுத்த அனுபவம்

மாதவிலக்கு முடிந்த பிறகும் எனக்கு உதிரம் பட்டுக்கொண்டே இருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் பாலிப், அதாவது உள்சுவரில் வளர்ந்த சிறு சதை, தெரிந்தது. ஹிஸ்டரோஸ்கோப்பி செய்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். வயிற்றில் கீறல் கிடையாது. மெல்லிய கேமராவைக் கீழ் வழியாகவே விட்டு, சலைனால் கர்ப்பப்பையை விரித்து, சதையை வெட்டி எடுப்பார்கள். மாதவிலக்கு நின்ற கையோடு தேதி கொடுத்தார்கள். அப்போதுதான் உள்சுவர் மெலிதாக இருந்து பாலிப் தெளிவாகத் தெரியுமாம்.

மயக்க மருந்து டாக்டர் ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் பார்த்தார். சர்க்கரை, பிரஷர், ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று எது சாப்பிட்டாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள். 6 மணி நேரம் வெறும் வயிறு என்றால் பால் காபியும் கூடாது. பக்கத்துக் கட்டில் அக்கா விடியற்காலையில் காபி குடித்துவிட்டு வந்திருந்தார், பாவம், அவருக்கு மதியத்துக்குத் தள்ளிப்போட்டார்கள். நெயில் பாலிஷை வீட்டிலேயே அழித்துவிடுங்கள். நகை எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. என் மெட்டி கழலவே இல்லை. நர்ஸம்மா சோப்பு நுரை தடவி மெல்லத் திருகித் திருகி எடுத்தார். தாலிச் செயினை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன்.

கண் விழித்தபோது மாதவிலக்கின் முதல் நாள் வலிதான், கூடவே குளிர் நடுக்கம். சிறுநீர் கழித்ததும் சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள்.

கஷ்டம் வீட்டில்தான். தையலும் இல்லை, கட்டும் இல்லை என்பதால் யாருக்கும் அது ஆபரேஷனாகவே தோன்றவில்லை. மறுநாளே மாவு அரைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. "அத்தை, உள்ளே வெட்டி எடுத்திருக்காங்க, இன்னும் ரத்தம் போகுது" என்று சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது. அப்புறம் ரசம் சாதம் கட்டிலுக்கே வந்தது! சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்? வாய்விட்டுக் கேளுங்கள்.

உதிரப்போக்கு குறைந்துகொண்டே வந்து நின்றது. அதுவரை நாப்கின் மட்டும்தான்; கப்பும் டாம்பனும் வேண்டாம், தாம்பத்தியமும் டாக்டர் சரி சொன்ன பிறகுதான். காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளை, மாத்திரைக்கு அடங்காத வலி, மணிக்கொரு நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தம் என்றால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எடுத்த சதையை பயாப்சிக்கு அனுப்புவார்கள். எனக்குச் சாதாரண பாலிப் என்றுதான் வந்தது. உதிரம் நின்றுவிட்டதே என்று விடாமல் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.