2.7-ஐ மீட்பதா, 3.0-ஐ மாட்டுவதா? காற்றில் குளிரும் 911 பற்றி ஒரு தகராறு

வடவளையம்:
கேள்வி இது. 1975 மாடல் போர்ஷே 911, எஞ்சின் 2.7 லிட்டர், பதிவு ஜெர்மனியில். நூர்பர்க்ரிங்கின் 20.8 கிலோமீட்டர் வடக்கு வளையத்தில் அடித்து ஓட்ட வேண்டும், முடிந்தால் பழைய கார் பந்தயங்களிலும் இறக்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டை எஞ்சினின் அடிக்கூடான கேஸோடு இறுக்கிப் பிடிக்கும் நீள போல்ட்டுகளில் (ஹெட் ஸ்டட்) மூன்று மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கேஸைச் சரிசெய்வதா, பிந்தைய மாடலான 911 எஸ்சி-யின் 3.0 எஞ்சினைத் தூக்கிப் போடுவதா? பழைய கார்களுக்கு ஜெர்மனி தரும் எச் நம்பர் பலகை கைவிட்டுப் போகக் கூடாது.

எஸ்சி_சுப்பு:
இதுல யோசிக்க என்ன இருக்கு? 3.0 போடுங்க. 2.7-ஓட கேஸ் மெக்னீசியம். இந்தக் குடும்பம் ஆரம்பிச்சப்போ 2.0 லிட்டர், சிலிண்டர் துளை 80 மி.மீ. அதை 84 ஆக்கி, கடைசில 90-க்குக் கொண்டுவந்தாங்க. கேஸ்ல சிலிண்டர் உக்காருற ஓட்டையையும் பெருசாக்கினதுல ஸ்டட்டைச் சுத்திச் சதையே மிச்சமில்ல. 1978-ல வந்த எஸ்சி கேஸ் அலுமினியம், டர்போ எஞ்சின் வழியில வந்தது. 95 மி.மீ. துளை, 70.4 ஸ்ட்ரோக், 2994 சிசி. ஐரோப்பா மாடல் முதல்ல 180 குதிரைத்திறன், 1981-லேர்ந்து 204. உங்க கார் எஸ்சி-யைவிட எடை குறைஞ்சது வேற. இதுக்கு மேல என்ன வேணும்?

பதினோரு_இதழ்:
சுப்பு எப்போதும் போல நோயை விட்டுவிட்டு நோயாளியைத் திட்டுகிறார். ஸ்டட் ஏன் பிடுங்குகிறது என்று பார்ப்போம். 100 மி.மீ. நீளத்துக்கு 100 டிகிரி சூடு ஏறினால் அலுமினியம் சுமார் 0.23 மி.மீ. நீளும், மெக்னீசியம் 0.26, எஃகு 0.12 மட்டுமே. சிலிண்டரும் ஹெட்டும் வளர்கின்றன, எஃகு ஸ்டட் அந்த அளவுக்கு வளர மறுக்கிறது. அந்த இழுவை முழுக்க கேஸில் இருக்கும் மரையின் தலையில் விழுகிறது. சூடு கட்டுக்குள் இருந்தால் மெக்னீசியம் பொறுத்துக்கொள்ளும், மீறினால் மரை செத்துவிடும்.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவுக்குப் போன கார்களில் புகைக் கட்டுப்பாட்டுக்காக எக்ஸாஸ்ட் வாயிலேயே தெர்மல் ரியாக்டர் வைத்தார்கள். ஹெட்டுக்குக் கீழே அடுப்பு மூட்டியது போல. போதாக்குறைக்கு 1976, 77-ல் 11 இதழ் விசிறியை எடுத்துவிட்டு 5 இதழ் விசிறி. ஜெர்மனியில் இன்று ஓடும் 2.7-களில் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தவை ஏராளம். எனவே முதலில் காரின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. 1973-ல் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கரேரா ஆர்எஸ்ஆர் 2.8-க்கும் மெக்னீசியம் கேஸ்தான், அதுவும் 92 மி.மீ. துளையோடு.

எஸ்சி_சுப்பு:
அதே கம்பெனி 1974-ல ஆர்எஸ் 3.0 செய்யும்போது அலுமினியத்துக்கு மாறினது ஏன்னு அண்ணன் சொல்லாம விட்டுட்டார். மெக்னீசியம் அவ்வளவு உத்தமம்னா அதிலயே தொடர்ந்திருக்கலாமே. ரேஸ் டீம் எஞ்சினை அடிக்கடி பிரிச்சுப் பூட்டும், கேஸ் அவங்களுக்குச் செலவாகுற சாமான். இவர் அப்படியா பிரிக்கப்போறார்?

பதினோரு_இதழ்:
அலுமினியத்துக்கு மாறியது துளை 95-க்குப் போனதால். 90-க்கு மெக்னீசியம் போதும், வேலையை முழுசாகச் செய்தால். பாதிப் பேர் அரைகுறையாகச் செய்துவிட்டுக் கேஸைச் சபிக்கிறார்கள்.

எஞ்சினை வெளியே எடுத்துக் கேஸை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிடுங்கிய மூன்றுக்கு மட்டும் இன்சர்ட் (புது மரைக் குழாய்) வைப்பது காசை வீணாக்குவது. 24 துளைகளுக்கும் எஃகு இன்சர்ட் போட்டால்தான் இழுவை சமமாக இருக்கும். துளையை நேர்க்கோணத்தில் போட ஜிக் வேண்டும். கையில் டிரில் பிடித்துப் போட்டால் ஸ்டட் சாயும், சிலிண்டர் இறங்காது. பிறகு சிலிண்டர் உட்காரும் முகங்களை மட்டம் பார்த்து, லேசாக மில்லிங். எந்தப் பக்கம் எவ்வளவு எடுத்தீர்களோ, அதைச் சிலிண்டர் அடியில் வைக்கும் மெல்லிய தகட்டில் (ஷிம்) ஈடுகட்ட வேண்டும். இல்லையென்றால் கம்ப்ரஷன் மாறும், செயின் அமரும் கோணமும் மாறும்.

அடுத்தது மெயின் பேரிங் துளை. சூட்டில் மெக்னீசியம் கேஸ் கோணிக்கொள்ளும், துளை முட்டை வடிவமாகும். இரண்டு பாதியையும் முறுக்கிப் பூட்டி அளந்து, தேவையானால் ஒரே நேர்க்கோட்டில் கடைந்து, வெளிவிட்டம் 0.25 மி.மீ. கூடிய பேரிங் போட வேண்டும். பழைய கேஸில் 1976-க்கு முந்தைய ஆயில் பம்ப் பைபாஸ் வழி இருக்கும். பிந்தைய முறைக்கு மாற்றுவது கேஸ் பிரித்திருக்கும்போது மட்டுமே முடியும், தவறவிடாதீர்கள். ஹெட் நட் 32 நியூட்டன் மீட்டர், இரண்டு தவணையில், குறுக்காக.

எஸ்சி_சுப்பு:
படிக்கிறப்பவே இடுப்பு வலிக்குது. இவ்வளவும் பண்ணி முடிச்சா கையில என்ன? ஐரோப்பா 911 எஸ் 2.7-னா 175 குதிரைத்திறன். எஸ்சி-ல கேஸைப் பிரிக்காமலே அதைத் தாண்டுறோம்.

மாட்டுறதும் பெரிய வித்தை இல்ல. கியர்பாக்ஸ் அதே 915. 2.7 கிரேங்க்ல ஃப்ளைவீல் போல்ட் 6, எஸ்சி-ல 9, அதனால எஸ்சி ஃப்ளைவீல், கிளட்ச் செட்டோட சேர்த்து வாங்கணும். அந்த கிளட்ச் பிளேட்ல நடுவுல ரப்பர் இருந்தா தூக்கிப் போட்டுட்டு ஸ்பிரிங் வச்சது போடுங்க, ரப்பர் பிஞ்சு சிக்கினா கியரே விழாது. 1974-க்கு அப்புறம் வந்த கார்ல பெட்ரோலைப் பீச்சுற கே-ஜெட்ரானிக் அமைப்போட பைப் ஏற்கெனவே இருக்கு.

பதினோரு_இதழ்:
எஸ்சி-யின் ஸ்டட் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லையே. எக்ஸாஸ்ட் பக்கம் கீழ் வரிசை 12-ம் டிலாவர். அலுமினியத்தோடு ஒத்து நீளும் என்று கொண்டுவந்த உலோகம். யோசனை சரிதான், ஆனால் ஈரமும் ரோட்டு உப்பும் அரித்து, நிறுத்திவைத்த காரில்கூட அறுந்து விழுந்திருக்கின்றன. மெக்னீசியத்தில் மரை போகும், எஸ்சி-யில் ஸ்டட்டே போகும். எதில் போனாலும் ஹெட் இடுக்கில் வாயு கசியும்.

எஸ்சி_சுப்பு:
ஒத்துக்கிறேன். ஆனா அது வாங்கும்போதே கண்டுபிடிக்கிற நோய். கீழ் வால்வு கவர் ரெண்டையும் கழட்டுங்க. அறுந்திருந்தா நட்டும் ஒடிஞ்ச துண்டும் கவருக்குள்ளயே கிடக்கும். கிடக்கலைன்னாலும் விடாதீங்க, நீளமான 10 மி.மீ. ஆலன் பிட்டை டார்க் ரெஞ்ச்ல மாட்டி 25 நியூட்டன் மீட்டர்ல வச்சு ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பாருங்க. 25-லயே சுத்துச்சுன்னா கதை முடிஞ்சது, விலையைக் குறைங்க. ஒண்ணு அறுந்திருந்தாலும் 12-ஐயும் எஃகுக்கு மாத்திடணும். கேஸைப் பிரிக்க வேண்டாம், ஹெட்டும் சிலிண்டரும் எடுத்தாப் போதும். பழைய ஸ்டட்டைச் சூடு காட்டாம முறுக்கினா கேஸ்லயே ஒடிஞ்சு உக்காரும், பொறுமையா சூடு பண்ணி எடுங்க.

தாள்_பார்ப்பவர்:
நீங்கள் இருவரும் உலோகத்தில் நிற்கிறீர்கள். கேட்டவர் பந்தயம் என்றும் எச் பலகை என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டும் வேறு வேறு வாசல்.

எச் பலகைக்கு வண்டிக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், நிபுணர் சான்றும் வேண்டும். மாற்றம் என்றால், பொதுவாக முதல் பதிவிலிருந்து பத்து வருடத்துக்குள் செய்ததாகவோ, அந்தக் காலத்தில் செய்திருக்கக்கூடியதாகவோ இருந்தால் ஏற்பார்கள். 1975 கார் என்றால் 1985 வரை கணக்கு. எஸ்சி 3.0 உள்ளே வரும், 1984 மாடல் 3.2 கரேரா எஞ்சினும் வரும். 1989-ல் அடுத்த தலைமுறை 911 ஆன 964-ஓடு வந்த 3.6 வராது. எஞ்சின் மாற்றம் வண்டித் தாளில் ஏற வேண்டும். திறன் கூடியிருந்தால் பிரேக்கும் அதற்கு ஈடாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேலையைத் தொடங்குமுன் சோதனை அதிகாரியிடம் பேசுங்கள், முடித்துவிட்டுப் போய் நிற்காதீர்கள்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-யின் விதிப்படி நடக்கும் வரலாற்றுப் பந்தயம் வேறு கதை. அங்கே எச்டிபி என்ற தொழில்நுட்பப் பாஸ்போர்ட் கேட்பார்கள். காலப் பிரிவில் 1972 முதல் 75 வரை எச்1. அந்தக் காலத்தில் அந்த மாடலுக்கு ஹோமோலகேட் ஆன, அதாவது பந்தயத்துக்கு அங்கீகாரம் பெற்ற, சாமான் மட்டுமே செல்லும். 1975 உடலில் 1978 எஞ்சின் என்றால் அங்கே கதவு மூடிவிடும். சுப்புவின் கார் டிராக் நாள்களுக்கும், விதி தளர்ந்த கிளப் ஓட்டங்களுக்கும் மட்டும்தான்.

எஸ்சி_சுப்பு:
சரிங்க. ஆனா எச்டிபி வாங்கி ஓட்டுறவங்க எத்தனை பேரு, வார இறுதியில வளையத்துல ஓட்டுறவங்க எத்தனை பேரு? பழைய எஞ்சினை விக்காம பெட்டியில வைங்க, பிளக் துளையில எண்ணெய் விட்டு, வாயெல்லாம் அடைச்சு. நம்பர் ஒத்துப்போற எஞ்சின் காரோட இருந்தா மதிப்பும் போகாது, மனசு மாறினா திரும்பவும் மாட்டலாம்.

ஆறுகார்ப்:
நடுவில் ஒரு கேள்வி. எந்த எஞ்சின் ஆனாலும் கே-ஜெட்ரானிக்கைக் கழற்றிவிட்டு வெபர் 40 ஐடிஏ கார்புரேட்டர் போட்டால் திறன் கூடாதா? சத்தமும் வேறு அழகு.

பதினோரு_இதழ்:
சத்தம் கூடும், திறன் அப்படியே கூடாது. கே-ஜெட்ரானிக்குக்கு என்று செய்த கேமில் (வால்வைத் திறக்கும் தண்டு) வால்வு ஓவர்லேப், அதாவது இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம், குறைவு. அதிகமாக வைத்தால் இன்டேக்கில் திரும்பி அடிக்கும் காற்று, அளவிடும் தட்டை ஆட்டிவிடும், ஐடில் நிற்காது. அந்தக் கேமை வைத்துக்கொண்டு கார்புரேட்டர் போடுவது பாதி வேலை. கேம் மாற்ற வேண்டும், பிஸ்டனும் பார்க்க வேண்டும். பெரிய துளையில் கம்ப்ரஷன் 10-ஐ நெருங்கினால் சிலிண்டருக்கு இரண்டு பிளக் இல்லாமல் வெடிதட்டு வரும். ஒற்றைப் பிளக்கில் மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி விடும் அளவு) 35 டிகிரி பக்கம் தேவைப்படும் எஞ்சினுக்கு, இரட்டைப் பிளக்கில் 25 முதல் 28-க்குள் போதும். தீ இரண்டு பக்கமும் பிடிப்பதால் பயணம் குறைவு.

எஸ்சி_சுப்பு:
இதுல அண்ணன் பக்கம். இன்னொண்ணு சேர்த்துக்குங்க: கே-ஜெட்ரானிக் பம்ப் 5 பார் பக்கம் தள்ளும், வெபருக்கு 0.25 பார் கிட்ட போதும். பழைய பம்பை அப்படியே விட்டா ஊசி வால்வு மூடாது, பெட்ரோல் வழிஞ்சு எக்ஸாஸ்ட் மேல சொட்டும். தீ பிடிக்க அதுவே போதும்.

கே-ஜெட்ரானிக்கையே வச்சுக்கிறவங்க ஏர்பாக்ஸ்ல அழுத்தத்தை வெளிய விடுற பாப்-ஆஃப் வால்வு போடுங்க. குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது பேக்ஃபயர் ஆனா பெட்டி பிளந்துடும், அப்புறம் காத்து கசிஞ்சு கலவை மெலிஞ்சு, கேட்டவர் பயப்படுற அதே சூடு வந்துடும்.

முறுக்குக்கம்பி:
எஞ்சினைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள். வடக்கு வளையத்தில் 30 குதிரைத்திறன் தரும் நேரத்தைவிடச் சரியான டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) தருவது அதிகம். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். முன்னால் 18.8 மி.மீ.-க்குப் பதில் 21 போட்டால் 1.56 மடங்கு, பின்னால் 23-க்கு 26 போட்டால் 1.63 மடங்கு. இந்த ஜோடி ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒத்துவரும். 22-ம் 28-ம் போட்டால் பின்பக்கம் 2.2 மடங்கு, பழைய ஷாக் அப்சார்பர் அதைக் கட்டுப்படுத்தாது, மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டுவிடும்.

இடது வலது மாற்றாதீர்கள், பார் ஒரு பக்கமாக முறுக்கிச் செய்தது. பின் பாருக்கு உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் முன்னே, வெளியே ஒரு பல் பின்னே நகர்த்தினால் 0.8 டிகிரி வித்தியாசம், உயரத்தை அப்படித்தான் நுணுக்கமாக வைக்க வேண்டும்.

முன்பக்கத்தை இறக்கினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை-ராட் சாய்ந்துவிடும், மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகத் திரும்பும். ஸ்டீயரிங் ரேக்கின் அடியில் ஸ்பேசர் வைப்பது ஒட்டு வேலை. ஸ்ட்ரட்டில் சக்கரம் மாட்டும் ஸ்பிண்டிலை மேலே ஏற்றி வெல்டு செய்வதே சரியான வழி. பிறகு ஓட்டுநர் எடையையும் அரை டேங்க் பெட்ரோலையும் வைத்து நான்கு மூலை எடை பாருங்கள். எடையில் அறுபது சதவீதம் பின்னால் இருக்கும் கார் இது. வளைவு நடுவில் சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் முன்னால் வந்து வணக்கம் சொல்லும். 200 குதிரைத்திறன் அதைச் சீக்கிரம் சொல்ல வைக்கும், அவ்வளவுதான்.

பதினோரு_இதழ்:
நல்லது. குளிர்விப்பில் எல்லோரும் மறப்பது ஒன்று: எஞ்சினைச் சுற்றிய தகடும் அதன் ரப்பர் விளிம்பும். அந்த ரப்பர் கிழிந்திருந்தால் கீழே போன சூடான காற்று மேலே ஏறி விசிறிக்கே திரும்பும். எந்த ஆயில் கூலர் போட்டாலும் பயனில்லை. முதலில் ரப்பர், பிறகு சிலிண்டர் துடுப்புகளின் அழுக்கு, அதன்பின் 11 இதழ் விசிறி, கடைசியாக முன் ஃபெண்டரில் கூலர். டிராக்கில் ஆயில் 120 டிகிரி தொட்டால் வேகத்தைக் குறையுங்கள். அளவு பார்ப்பது சூடாக, ஐடிலில், சமதரையில். குளிர்ந்தபோது பார்த்து ஊற்றினால் அதிகமாகி ஏர் ஃபில்டருக்குள் போய் நீலப்புகை விடும்.

விசிறி பெல்ட்டை இறுக்க புல்லியின் நடுவிலிருந்து எடுக்கும் ஷிம்மை வெளிப்புறம் வையுங்கள், டூல் பெட்டியில் போடாதீர்கள். பெல்ட் அறுந்து சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாத எஞ்சினுக்கு அந்த விசிறிதான் ரேடியேட்டர்.

வடவளையம்:
அப்படியென்றால் முதல் வேலை, கேஸைப் பிரித்து மெயின் துளையை அளப்பது. 0.25-க்குள் கடைந்து சரியாகும் என்றால் 2.7, அதைத் தாண்டிக் கோணியிருந்தால் எஸ்சி. சரிதானே?

பதினோரு_இதழ்:
சரி. அளப்பவரிடம் பூட்டிய நிலையில், முறுக்கு கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். பிரித்து வைத்த பாதியில் எடுத்த அளவை நம்பாதீர்கள்.

எஸ்சி_சுப்பு:
அளவு வர்ற வரைக்கும் சும்மா இருக்காதீங்க. எஸ்சி எஞ்சின் விக்கிறவர் யாராவது கிடைச்சா, கீழ் வால்வு கவரைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னு சொல்றவர்கிட்ட விலையே பேசாதீங்க.