பிரிட்ஜில 420 எடுத்தும் 14க்கு 6 தானோ?

கேள்வி: 304 சீட்டாட்டக் கணக்கு விளங்குது, டூப்ளிகேட் பிரிட்ஜ் (அதே சீட்டை எல்லா மேசையிலயும் ஆடுற ஆட்டம்) கணக்கு விளங்கேல்லை. 8 மேசை. 4 ஸ்கோப்பன் (10 பிடி) கேட்டு, சரியா எடுத்து 420. தாளில 6 புள்ளி எண்டு கிடக்கு. மாஸ்டர் பொயின்ற் எண்டுறது இதுவோ?

பதில்: இல்லைத் தம்பி, இது மேட்ச் பொயின்ற். அதே சீட்டை அதே திசையில பிடிச்ச மற்ற 7 சோடியோடதான் ஒப்பீடு. வெண்டா 2, சமனெண்டா 1; ஏழு சோடியையும் வெண்டா 14. 2 சோடி 450, உங்களோட சேர்த்து 5 சோடி 420, ஒரு சோடி கேட்டது வராமல் -50 எண்டு வையுங்கோ. ஒருத்தரை வெண்டதுக்கு 2, நாலு சமனுக்கு 4. மொத்தம் 6. அந்த 450 காரருக்கு 13! ஒரு பிடி கூடுதலா எடுத்ததுக்கு இவ்வளவு வித்தியாசம். 304 பழக்கத்தில "கேட்டது வந்தாக் காணும்" எண்டு மிச்சப் பிடியை விடுறதுதான் பிழை.

பதில்: அண்ணை சொன்னது சரி. மாஸ்டர் பொயின்ற் போட்டி முடிவில எத்தினையாம் இடம் எண்டதையும், எத்தினை சோடி விளையாடினது, போட்டி என்ன தரம் எண்டதையும் பாத்துக் குடுக்கிறது. செஸ் ரேட்டிங் மாதிரித் தோத்தாக் குறையாது. அமெரிக்கப் பிரிட்ஜ் சங்கத்தில இந்தப் பொயின்ற்றுக்கு நிறமும் உண்டு: கழக ஆட்டத்துக்குக் கறுப்பு, செக்‌ஷனல் எண்ட வட்டாரப் போட்டிக்கு வெள்ளி.