மாமாவின் த்ரீ நாட் த்ரீ: கட்டையை வெட்டலாமா, அப்படியே விடலாமா?

எல்லோருக்கும் வணக்கம். டர்பனிலிருந்து எழுதுகிறேன். ஸ்டாங்கர் பக்கம் கரும்புத் தோட்டம் வைத்திருந்த மாமா காலமானபின் அவருடைய லீ என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிள் (.303, நம்ம பேச்சில் த்ரீ நாட் த்ரீ) என்னிடம் வந்திருக்கிறது. லைசன்ஸ் என் பெயருக்கு வர இழுத்த இழுப்பு தனிக் கதை.

இந்தக் குளிர்காலத்தில் இம்பாலா மான் வேட்டைக்கு இதையே எடுத்துப் போக ஆசை. .303 தோட்டா அதற்குத் தாராளம். ஆனால் பட்டாளத்து ரைஃபிள், குழலின் நுனிப் பக்கம் வரை மரக்கட்டை மூடியிருக்கிறது, கனமும் அதிகம். முன்கட்டையை வெட்டிக் குறைத்து, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்தலாம் என்று எண்ணம்.

குழப்பம் இங்கேதான். நம்பர் 4-இல் முன்கட்டையின் நுனி குழலைக் கொஞ்சம் மேல்நோக்கித் தாங்கி நிற்கும். வெட்டினால் அந்த அழுத்தம் போய்விடும். அப்புறம் குழலைக் கட்டை தொடாமல் விடுவதா, வேறு இடத்தில் தாங்கு கொடுப்பதா? செய்து பார்த்தவர்கள், குறி எப்படி மாறியது என்று சொல்லுங்கள்.

ஸ்கோப்புக்காக ரிசீவரில் (குழலுக்குப் பின்னால் தோட்டா ஏறும் இரும்பு உடல்) துளை போட மனமில்லை. 'யூ' எழுத்துக்குள் அம்பு முத்திரை இருக்கிறது. பழைய தென்னாப்பிரிக்க யூனியன் அரசின் சொத்து என்பதற்கு அடையாளம். பின் சைட்டை (பின்பக்கக் குறிகாட்டியை) கழற்றிவிட்டு, துளையில்லாமல் மாட்டும் ஸ்கோப் மவுண்ட் (தாங்கி) உண்டாமே, நாலு குண்டு சுட்டதும் ஆடுமா?

மகனோ, "எதையும் தொடாதீங்கப்பா, பழசாவே இருக்கட்டும்" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. மாரிட்ஸ்பர்க் பக்கம் பழைய ரைஃபிள் வேலை தெரிந்த, லைசன்ஸ் உள்ள கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.