மூடுலா, கூகுள் கிளாஸ்ரூமா? பயன்படுத்தியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

குழுவில் உள்ள பேராசிரியர்களுக்கும் கணினி மையப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் தமிழ்த்துறையில் பணிபுரிகிறேன். எல்லாத் துறைகளுக்கும் பொதுவான இணையவழிக் கற்றல் தளத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். கொரோனா காலத்திலிருந்து பயன்படுத்திவரும் கூகுள் கிளாஸ்ரூம், பாடக்குறிப்புகளைப் பகிரவும் ஒப்படைப்புகளைப் பெறவும் போதுமானதாகவே இருக்கிறது. ஆனால் வினா வங்கியிலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு வினாக்கள் வருமாறு அகமதிப்பீட்டுத் தேர்வு நடத்துவதற்கு மூடுல் (Moodle) என்னும் இணையவழிக் கற்றல் மென்பொருளே ஏற்றது என்பது என் கருத்து. 2002இல் வெளிவந்த அந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை என்றாலும், சர்வரைப் பராமரிக்கவும், காப்புப்படி எடுக்கவும், புதிய பதிப்புக்கு மாற்றவும் பொறுப்பான ஆள் வேண்டும். எங்களுக்கு இருப்பவர் ஓர் ஆய்வக உதவியாளர் மட்டுமே.

எனக்குப் பெரிய கவலை தமிழ் வினாக்கள்தான். எங்கள் துறையின் பழைய வினாத்தாள்கள் யாவும் யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே தளத்தில் ஒட்டினால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே தெரிகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, கிஃப்ட் (GIFT) என்னும் வினாக்களுக்கான உரை வடிவக் கோப்பாக மூடுலில் மொத்தமாக ஏற்றியவர்கள் இருந்தால், எந்த மாற்றியைப் பயன்படுத்தினீர்கள், ஒற்றெழுத்துகளும் கொம்புகளும் இடம் மாறாமல் வந்தனவா என்பதைத் தெரிவியுங்கள்.

மேலும், எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியை மட்டுமே நம்பியிருப்பதால், மூடுல் செயலியில் பாடங்களை முன்கூட்டியே பதிவிறக்கி இணையமின்றிப் படிக்கும் வசதி நடைமுறையில் எவ்வளவு உதவுகிறது என்றும், ஒரே நேரத்தில் பல வகுப்புகள் தேர்வெழுதும்போது வாடகை சர்வர் தாங்குகிறதா என்றும் அனுபவமுள்ளவர்கள் கூறினால், அடுத்த கூட்டத்தில் அதை முன்வைக்க இயலும்.